புளியங்கொட்டை வைத்துப் போக்கர் பழகுவது எப்படி

போக்கர் பழக ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு காசு போட்டு ஆரம்பிக்கலாம்?" என்பதுதான். ஒரு ரூபாய்கூட வேண்டாம். அதற்குக் காரணம் இரண்டு உண்டு.

ஒன்று சட்டம். இணையத்தில் காசு வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். இது திறமை ஆட்டம், அது அதிர்ஷ்ட ஆட்டம் என்று அந்தச் சட்டம் பிரித்துப் பார்க்கவில்லை. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்கிறவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். ஆடுகிறவரைக் குற்றவாளியாக அது பார்ப்பதில்லை. "ஹைகோர்ட்டே ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம்னு சொல்லியாச்சே" என்று இன்னும் சிலர் பேசுவார்கள். அவர்கள் சொல்வது 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சட்டத்தைப் பற்றிச் சொன்ன தீர்ப்பு. மத்தியச் சட்டம் அதற்குப் பின்னால் வந்தது. காசில்லாமல் ஆடுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

இன்னொரு காரணம் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. போக்கரில் புதியவர் முதலில் பழக வேண்டியது சீட்டைக் கீழே போட்டுவிட்டு ஒதுங்குவது. காசு வைத்துத் தொடங்குகிறவர் போட்ட காசை மீட்கப் பார்ப்பாரே தவிர ஒதுங்கப் பழகமாட்டார். அதே சமயம் இலவசக் காய் வைத்து ஆடுகிறவருக்கு வேறு கேடு வருகிறது: போனால் போகிறது என்று எல்லாக் கைக்கும் காய் போடுவார், ஆயிரம் கை ஆடினாலும் ஒன்றும் படியாது. அதனால் விலையில்லாத காய்க்கு நாமே ஒரு விலை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கீழே சொல்லும் ஏற்பாடுகள் பலவும் அதற்காகத்தான்.

வேண்டிய பொருட்கள்

போனுக்குப் போகுமுன் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் தார்சாவில் உட்கார்ந்து கையால் ஆடிவிடுங்கள். திரையில் எல்லாவற்றையும் மென்பொருளே செய்துவிடும். காய் எண்ணுவது, முறை பார்ப்பது, யார் ஜெயித்தது என்று சொல்வது எதுவும் உங்கள் வேலை இல்லை என்றால் ஆட்டத்தின் கணக்கு மண்டையில் ஏறாது.

ஆறு பேர் வேண்டும். நாலு பேர் இருந்தாலும் ஓட்டலாம். ஒரே ஒரு சீட்டுக்கட்டு, ஜோக்கரை எடுத்துவிட்டு 52 சீட்டு. ரம்மி ஆடித் தேய்ந்த பழைய கட்டு வேண்டாம். முனை மடங்கிய சீட்டை முதுகைப் பார்த்தே அடையாளம் கண்டுவிடுவார்கள்.

காய்க்கு நம் ஊரில் பஞ்சமே கிடையாது. மாசி, பங்குனியில் புளி தட்டிய வீடுகளில் கொட்டை சாக்கிலே கிடக்கும். பிசுக்குப் போகக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் போதும். புளியங்கொட்டைக்கு மதிப்பு 1, மஞ்சாடிக்கு 5, தாயம் ஆடும் சோழிக்கு 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 50 புளியங்கொட்டை, 10 மஞ்சாடி, 4 சோழி கொடுத்தால் மொத்தம் 200 வரும். ஆறு பேருக்கு 300 கொட்டை, 60 மஞ்சாடி, 24 சோழி. இதை ஒரே வகைக் காயில் செய்யப் பார்த்தால் ஆளுக்கு 200 கொட்டை எண்ணிக் கொடுப்பதிலேயே பொழுது போய்விடும்.

200 என்ற அளவுக்குக் காரணம் உண்டு. ஆட்டத்தில் கட்டாயமாக வைக்க வேண்டிய பெரிய பிளைண்ட் 2. அதைப்போல நூறு மடங்கு கையில் வைத்துத்தான் இணைய மேசைகளிலும் வழக்கமாக உட்காருவார்கள். வீட்டில் பழகிய அளவு அங்கேயும் அப்படியே செல்லும்.

இப்போது காய்க்கு விலை உண்டாக்கும் ஏற்பாடு. ஒருவர் தன் 200ஐயும் தொலைத்தால் அன்றைக்கு ஒரே ஒரு தடவை மறுபடி 200 வாங்கலாம். அதுவும் போனால் எழுந்துபோய் மற்றவர்களுக்குக் காப்பி போட வேண்டும், அன்றைக்கு ஆட்டம் கிடையாது. சும்மா உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்ப்பது யாருக்கும் பிடிக்காது. ரூபாய் செய்யக்கூடிய வேலையை இந்தச் சின்ன விதி செய்துவிடும்.

ரம்மிக் கண்ணைக் கழற்றி வைப்பது

நெல்லைச் சீமையில் சீட்டு தெரிந்தவர் என்றால் ரம்மி தெரிந்தவர். மலைக்கு அந்தப் பக்கம் புனலூர், கொல்லம் என்று உறவு உள்ளவர்களுக்கு இருபத்தெட்டு என்ற சீட்டாட்டமும் பழக்கமாக இருக்கக்கூடும். இரண்டும் தெரிந்திருப்பது நல்லதுதான், ஆனால் போக்கருக்கு வரும்போது இரண்டுமே காலை வாரும்.

ரம்மியில் வரிசை சேர வேண்டுமென்றால் ஒரே ஜாதிச் சீட்டாக இருக்க வேண்டும். போக்கரில் ஸ்ட்ரெயிட் என்பது ஐந்து சீட்டு வரிசை, எந்த ஜாதியும் கலந்து வரலாம். கிளாவர் 5, ஆட்டின் 6, ஆட்டின் 7, இஸ்பேட் 8, டைமன் 9 என்றால் அது முழு ஸ்ட்ரெயிட். ரம்மிக் கண் இதைக் காணாமல் விட்டுவிடும். ஜெயித்த கையைக் கீழே போட்டுவிட்டு "அடடா" என்று உட்காருவது புதியவர்களிடம் அடிக்கடி நடப்பது. ஏஸ் இரண்டு முனையிலும் நிற்கும்: ஏஸ்-2-3-4-5 செல்லும், 10-ஜாக்கி-ராணி-ராஜா-ஏஸ் செல்லும். நடுவில் நின்று ராணி-ராஜா-ஏஸ்-2-3 என்று சுற்றி வராது.

இருபத்தெட்டில் ஜாக்கிதான் பெரிய சீட்டு, அடுத்து 9. இங்கே அந்த மரியாதை கிடையாது. ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, 10 என்று நேராக இறங்கும். ஜாதிக்குள் பெரியது சின்னது இல்லை. இஸ்பேட் ஏஸும் கிளாவர் ஏஸும் சமம். துருப்பு என்று ஒன்று கிடையவே கிடையாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம், ரம்மியில் ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டை எடுத்து ஒன்றைக் கழிக்கலாம். மோசமான கையும் பொறுமையாக இருந்தால் தேறிவிடும். போக்கரில் வந்த இரண்டு சீட்டு வந்ததுதான், மாற்ற முடியாது. "இருந்து பார்ப்போம்" என்ற ரம்மிப் பொறுமை இங்கே நேராக நஷ்டத்தில் கொண்டுபோய் விடும்.

ஒரு கை எப்படி ஓடுகிறது

உலகமெங்கும் பரவலாக ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டம் என்ற வகையை மட்டும் பழகுங்கள். மற்றவை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒருவர் டீலர், அதாவது சீட்டுப் போடுகிறவர். அவர் முன்னால் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வையுங்கள். ஒவ்வொரு கை முடிந்ததும் சிரட்டை இடப்பக்கத்து ஆளுக்கு நகரும். டீலருக்கு இடப்பக்கம் இருப்பவர் சின்ன பிளைண்ட், 1 காய் வைக்க வேண்டும். அவருக்கு அடுத்தவர் பெரிய பிளைண்ட், 2 காய். சீட்டைப் பார்க்குமுன்பே வைக்க வேண்டும். இந்த 3 காய்க்காகத்தான் சண்டையே தொடங்குகிறது. இது இல்லாவிட்டால் எல்லோரும் ஏஸ் ஜோடி வரும்வரை சும்மா இருந்துவிடலாம்.

ஆளுக்கு இரண்டு சீட்டு மூடிக் கொடுக்கப்படும். பெரிய பிளைண்டுக்கு இடப்பக்கம் இருப்பவர் முதலில் பேசுவார். பெரிய பிளைண்டுக்குச் சமமாக 2 வைத்தால் கால். ஏற்றினால் ரைஸ், குறைந்தது 4 ஆக்க வேண்டும். வேண்டாம் என்றால் ஃபோல்டு, அந்தக் கையில் அவர் கதை முடிந்தது. சுற்று முடிந்ததும் கட்டின் மேல் சீட்டு ஒன்றைப் பார்க்காமல் ஓரமாக ஒதுக்கிவிட்டு மூன்று சீட்டைத் திறந்து நடுவில் வைப்பார்கள். இது ஃப்ளாப். மறுபடி பேச்சு, இந்தத் தடவை டீலருக்கு இடப்பக்கத்தில் கையில் சீட்டோடு இருக்கும் முதல் ஆள் தொடங்குவார். யாரும் காய் வைக்கவில்லை என்றால் செக் சொல்லிச் சும்மா இருக்கலாம். நாலாவது சீட்டு டர்ன், ஐந்தாவது ரிவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு ஒதுக்கல், ஒரு சுற்றுப் பேச்சு. கடைசியில் இரண்டு பேரோ அதற்கு மேலோ மிஞ்சினால் சீட்டைக் காட்டுவார்கள். கையில் 2, நடுவில் 5, ஆக 7 சீட்டில் நல்ல ஐந்து யாருக்கோ அவருக்கு நடுக்குவியல்.

இந்த ஏழு சீட்டில் என்ன என்ன எத்தனை தடவை வரும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் எது பெரிய கை என்று மனப்பாடம் செய்யவே வேண்டாம், அரிதானதுதான் பெரியது. ஒரு ஜோடி 100க்கு 44 தடவை வரும். இரண்டு ஜோடி 23 அல்லது 24. ஒரே எண்ணில் மூன்று 5க்குச் சற்றுக் குறைவு, ஸ்ட்ரெயிட் அதைவிட ஒரு துளி குறைவு. ஒரே ஜாதி ஐந்து சேரும் ஃபிளஷ் 3. மூன்றும் இரண்டுமாகச் சேரும் ஃபுல் ஹவுஸ் இரண்டரையை ஒட்டி. ஒரே எண்ணில் நான்கு 600 கைக்கு ஒன்று. ஒரே ஜாதியில் வரிசையும் சேரும் ஸ்ட்ரெயிட் ஃபிளஷ் மூவாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில். ஒன்றுமே சேராமல் பெரிய சீட்டை மட்டும் பார்க்க வேண்டிய கை 17 வரும். ஜோடியைவிட அரிதாக இருந்தாலும் இது மட்டும் எல்லாவற்றுக்கும் கீழே.

இருவருக்கும் ஒரே ஜோடி இருந்தால் ஜோடிக்கு வெளியே இருக்கும் பெரிய சீட்டு தீர்ப்பு சொல்லும். இதைக் கிக்கர் என்பார்கள். அத்தானிடம் ஏஸ்-ராஜா, கொழுந்தனிடம் ஏஸ்-7, நடுவில் ஓர் ஏஸ். இருவருக்கும் ஏஸ் ஜோடிதான், ராஜா வைத்திருக்கும் அத்தான் ஜெயிப்பார். "ஏஸ் இருக்கே" என்று சின்னத் துணைச்சீட்டோடு வருகிறவர்கள் சின்னக் குவியலை ஜெயித்துப் பெரிய குவியலைத் தோற்பது இதனால்தான்.

வீட்டு ஆட்டத்தில் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஒருவரிடம் காய் குறைவாக இருந்து மொத்தத்தையும் வைத்துவிட்டால் என்ன செய்வது? அவரிடம் 40 மட்டும், மற்ற இருவரும் ஆளுக்கு 100 வைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். மூவரிடமிருந்தும் நாற்பது நாற்பதாக எடுத்து 120ஐ ஒரு குவியலாக்குங்கள். இதில் மூவருக்கும் பாத்தியதை. மிச்சம் அறுபது அறுபதாக இன்னொரு 120. அது அந்த இருவருக்குள் மட்டும். காட்டும்போது இருவருக்குள் உள்ள இந்தப் பக்கக் குவியலை முதலில் தீர்த்துவிட்டு மூவருக்கும் உள்ள குவியலுக்கு வாருங்கள்.

எந்தக் கையோடு உள்ளே வருவது

52 சீட்டில் இரண்டு சீட்டுக் கூட்டு 1326 உண்டு. ஏஸ் ஜோடி 221 கைக்கு ஒரு தடவை. ஏதோ ஒரு ஜோடி 17க்கு ஒன்று. ஜோடி இல்லாத இரண்டு சீட்டோடு ஃப்ளாப் பார்த்தால் மூன்றில் ஒரு தடவைதான் ஒரு ஜோடியாவது சேரும்; மூன்றில் இரண்டு தடவை வெறுங்கை. இந்த ஒரு கணக்கை உணர்ந்தவர் கண்டதற்கெல்லாம் காய் போடமாட்டார்.

இருக்கையைப் பொறுத்துக் கை மாறும். சிரட்டை முன்னால் இருப்பவர் ஃப்ளாப்புக்குப் பிறகு எல்லாச் சுற்றிலும் கடைசியாகப் பேசுகிறார். மற்றவர் செய்வதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார். முதலில் பேசுகிறவர் இருட்டில் நடப்பவர். ஆறு பேர் மேசைக்குப் புதியவர் இப்படி வைத்துக்கொள்ளலாம்.

பெரிய பிளைண்டுக்கு அடுத்த இரண்டு இருக்கை: 7 ஜோடியும் அதற்கு மேலும், ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி, ஒரே ஜாதியில் ஏஸ்-ஜாக்கி, ஒரே ஜாதியில் ராஜா-ராணி. இவ்வளவே. 15 கைக்கு ஒரு கை வரும்.

டீலருக்கு முந்தின இருக்கை: எல்லா ஜோடியும், ஏஸ்-ஜாக்கி வரை எப்படி வந்தாலும், ராஜா-ராணி, ஒரே ஜாதியில் ஏஸ்-10, ராஜா-ஜாக்கி, ராணி-ஜாக்கி, ஜாக்கி-10. எட்டுக்கு ஒன்று.

டீலர் இருக்கை: மேலே சொன்னதோடு ஒரே ஜாதியில் எந்த ஏஸும், ஜாதி சேராத ஏஸ்-10, ராஜா-ஜாக்கி, ராணி-ஜாக்கி, ஒரே ஜாதியில் ராஜா-10, ராணி-10, 10-9, 9-8. ஆறில் ஒன்றுக்குச் சற்று மேல்.

சின்ன பிளைண்டில் ஒரு காய் ஏற்கனவே போட்டாயிற்றே என்று உள்ளே வரத் தோன்றும். வராதீர்கள், ஃப்ளாப்புக்குப் பிறகு எப்போதும் நீங்கள்தான் முதலில் பேச வேண்டியிருக்கும். நீங்கள் பெரிய பிளைண்டாக இருக்கும்போது வேறொருவர் ஏற்றியிருந்தால் இரண்டாவது பட்டியலில் உள்ள கையோடு கால் செய்யலாம். உங்களுக்கு முன் யாரும் ஏற்றாத சமயத்துக்குத்தான் மேலே உள்ள பட்டியல்கள். நீங்கள் ஏற்றிய பிறகு இன்னொருவர் உங்களுக்கு மேல் ஏற்றினால் ராணி ஜோடிக்குக் குறைந்ததையும், ஏஸ்-ராஜா தவிர மற்றதையும் இறக்கிவிடுங்கள். பழகிய பிறகு இதைத் தளர்த்தலாம்.

உள்ளே வந்தால் 2 போட்டுப் பின்தொடராமல் 6 ஆக ஏற்றி வாருங்கள். முன்னால் யாராவது 2 போட்டுக் காத்திருந்தால் ஆளுக்கு 2 சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒருவர் என்றால் 8, இருவர் என்றால் 10. ஏஸ் ஜோடி ஒருவரோடு மோதினால் 100க்கு 85 தடவை ஜெயிக்கும். ஐந்து பேரோடு மோதவிட்டால் பாதிக்கு மேல் தோற்கும். ஏற்றுவது கூட்டத்தைக் குறைக்க.

ஒரு கையைக் கணக்கோடு பார்ப்போம்

சிரட்டை மைனி முன்னால் இருக்கிறது. முதல் இருவரும் சீட்டை இறக்கிவிட்டார்கள். டீலருக்கு முந்தின இருக்கையில் சித்தப்பா 6 ஆக ஏற்றுகிறார்.

"மைனி, என்ன செய்யுதீய?"

"நானும் வாரேன், ஆறு."

மைனி கையில் ஆட்டின் ராஜா, ஆட்டின் ராணி. பிளைண்ட் இருவரும் ஒதுங்கிவிட்டார்கள். குவியலில் 6, 6, 3, ஆக 15. ஃப்ளாப்: கிளாவர் ஏஸ், ஆட்டின் 8, ஆட்டின் 3. சித்தப்பா 10 வைக்கிறார்.

மைனியிடம் இப்போது ஒன்றுமே இல்லை, ஆனால் இன்னோர் ஆட்டின் வந்தால் ஃபிளஷ். ஒரு ஜாதியில் 13 சீட்டு, 4 கண்ணுக்குத் தெரிகிறது, மிச்சம் 9. ராஜாவோ ராணியோ ஜோடி சேர்ந்தால் அதை எண்ணக்கூடாது. ஏற்றி வந்து, ஏஸ் விழுந்த பிறகும் காய் வைக்கிற சித்தப்பாவிடம் ஏஸ் ஜோடி இருக்கவே வாய்ப்பு அதிகம். புதியவர்கள் இந்த இடத்தில் 9ஐ 15 ஆக எண்ணித் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்வார்கள்.

காணாத சீட்டு 47, உதவுவது 9. அடுத்த சீட்டிலேயே வர 100க்கு 19. இரண்டு சீட்டும் பார்க்க முடிந்தால் 35. குறுக்கு வழி: உதவும் சீட்டை ஒரு சீட்டுக்கு 2 ஆலும், இரண்டு சீட்டுக்கு 4 ஆலும் பெருக்கினால் கிட்டத்தட்ட விடை வரும். இந்த 4 பெருக்கலைப் பலரும் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள். இனிமேல் யாரும் காய் வைக்க முடியாத நிலையில்தான், அதாவது ஒருவர் மொத்தத்தையும் வைத்துவிட்ட சமயத்தில்தான், 4 செல்லும். மற்ற நேரம் டர்ன் சீட்டு வந்ததும் மறுபடி விலை கேட்பார்கள், அதனால் 2.

விலை எவ்வளவு? 15ம் சித்தப்பாவின் 10ம் சேர்த்து 25. மைனி 10 போட்டால் குவியல் 35. 35ல் 10 என்பது 100க்கு 29. வாய்ப்பு 19. வெறும் கணக்கில் நஷ்டம். ஆனால் ஃபிளஷ் சேர்ந்த பிறகு சித்தப்பாவிடமிருந்து இன்னும் வாங்கலாம். எவ்வளவு வாங்கினால் ஈடாகும்? 9 தடவை ஜெயித்து 38 தடவை தோற்கிற இடத்தில், பத்துக்குப் பத்தாகத் தோற்றதை ஈடுகட்ட ஜெயிக்கும்போது 42 வேண்டும். குவியலில் 25 இருக்கிறது, பிறகு 17 கிடைத்தால் போதும். சித்தப்பாவிடம் இன்னும் 184 இருக்கிறது. கால் செய்யலாம்.

டர்ன்: டைமன் 5. குவியல் 35. சித்தப்பா 30 வைக்கிறார். இப்போது 30 போட்டால் மொத்தம் 95. விலை 100க்கு 32. வாய்ப்பு 46ல் 9, அதாவது 20க்குக் கொஞ்சம் குறைவு. ஈடாக ஜெயிக்கும்போது 123 வேண்டும், குவியலில் 65 தான். மிச்சம் 58ஐ ரிவரில் சித்தப்பாவிடம் வாங்க வேண்டும். நடுவில் மூன்று ஆட்டின் கிடப்பதைப் பார்த்த பிறகு அவர் 58 தருவாரா? தரமாட்டார்.

"விட்டுருதேன், சித்தப்பா."

ரிவரில் ஆட்டின் விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் "இருந்திருக்கலாமே" என்பார்கள். இருந்திருக்கக் கூடாது. ஐந்தில் ஒரு தடவை அப்படி விழத்தான் செய்யும். மைனி செய்தது சரி. இந்த இடத்தில் மனம் சலிக்காமல் இருக்கப் பழகினால் பாதி ஆட்டம் வந்துவிட்டது.

விலையை ஒவ்வொரு தடவையும் வகுத்துப் பார்க்க நேரமிருக்காது. மூன்றை மட்டும் நெட்டுருப் போடுங்கள்: எதிராளி குவியலில் மூன்றில் ஒரு பங்கு வைத்தால் உங்களுக்கு 100க்கு 20 வாய்ப்பு வேண்டும், பாதி வைத்தால் 25, முழுக்குவியல் அளவு வைத்தால் 33.

போனில் இலவச மேசை

வீட்டில் முந்நூறு கை ஆன பிறகு போனுக்கு வரலாம். இலவசக் காய் மட்டும் கொடுக்கும் செயலியை அதிகாரப்பூர்வக் கடையிலிருந்தே எடுங்கள். பணம் கட்டும் வழி எதையும் அதோடு இணைக்காதீர்கள். போன் கடையின் கணக்கில் வாங்குவதற்குக் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். இலவசச் செயலிகளும் காய் தீர்ந்ததும் "99 ரூபாய்க்கு இத்தனை லட்சம் காய்" என்று நீட்டும். அதை வாங்கினால் காய் மறுபடி காசாகிவிடும், பழகிய ஒழுங்கு அன்றோடு போயிற்று.

டெலிகிராமிலோ வாட்ஸாப்பிலோ வரும் செயலிக் கோப்பு, வெளிநாட்டுத் தளம் என்று சொல்லித் தனியாள் பெயருக்கு யூபிஐயில் பணம் அனுப்பச் சொல்வது, முதலில் சின்னத் தொகையைத் திருப்பிக் கொடுத்து நம்பவைப்பது, இவற்றில் எதைக் கண்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற எண்ணைக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு வாய்ப்பு அதை முடக்கிவைக்க.

ஆறு இருக்கை மேசை, ஒரே மேசை. மணிக்கு அறுபது எழுபது கை ஓடும். வீட்டில் இருபத்தைந்து ஆடியிருப்பீர்கள். அந்த வேகத்தில் கை தானாகக் கால் பொத்தானுக்குப் போகும். முதல் வாரம் பட்டியலைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு அலாரம் வைத்து, அடித்ததும் நடுக்கையாக இருந்தாலும் அந்தக் கையோடு எழுந்துவிடுங்கள்.

இலவச மேசையில் பாதிப் பேர் முதல் கையிலேயே மொத்தத்தையும் வைப்பார்கள். எரிச்சலாக இருக்கும், ஆனால் பழக நல்ல இடம். அவர்களை மிரட்டி விரட்ட முடியாது. எதற்கும் கால் செய்கிறவரிடம் பொய்க்காய் வைப்பது வீண். முதல் ஆயிரம் கைக்கு ப்ளஃப் என்பதையே மறந்துவிடுங்கள். நல்ல கை வந்தால் குவியலில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு வரை வைத்துக்கொண்டே போங்கள். கை சேர்ந்த பிறகு பதுங்கிச் செக் செய்வதால் புதியவர்கள் இழப்பது அதிகம்: எதிராளிக்கு அடுத்த சீட்டு இலவசமாகக் கிடைக்கிறது, உங்களுக்குக் காய் வரவில்லை.

தோற்ற எரிச்சலில் அடுத்த கையைக் கண்ணை மூடிக்கொண்டு ஆடுவதை டில்ட் என்பார்கள். அடையாளம் எளிது: பட்டியலில் இல்லாத கையோடு இரண்டு தடவை உள்ளே வந்திருந்தால் மூடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ஆட்டத்தை மறைத்து ஆடத் தோன்றுகிறது, தூக்கம் போகிறது, கடன் வாங்கத் தோன்றுகிறது என்றால் அது டில்ட்டைத் தாண்டிய விஷயம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வீட்டில் யாருக்காவது அப்படி இருந்தாலும் நீங்கள் கூப்பிடலாம்.

நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு நாளும் மூன்றே கை எழுதுங்கள்: எந்த இருக்கை, என்ன சீட்டு, குவியல் எவ்வளவு, என்ன செய்தேன், ஏன். "ஏன்" என்ற இடத்தில் "தோணிச்சு" என்று எழுத வேண்டி வந்தால் அந்தக் கையை வட்டம் போட்டு வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை தார்சாவில் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம்.

எத்தனை காய் ஜெயித்தோம் என்பதை எழுதவே வேண்டாம். நன்றாக ஆடுகிறவர் நூறு கைக்கு ஐந்து பெரிய பிளைண்ட் ஜெயிக்கிறார் என்று வைத்தால் பத்தாயிரம் கையில் 500 சேர வேண்டும். ஆனால் சீட்டின் ஏற்ற இறக்கமே அந்தப் பத்தாயிரம் கையில் சாதாரணமாக 900 பெரிய பிளைண்ட் அளவுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும். நன்றாக ஆடியும் நஷ்டத்தில் நிற்கலாம், மோசமாக ஆடியும் குவித்துவைக்கலாம். ஒரு மாதக் காய்க்கணக்கு உங்கள் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அதற்குப் பதிலாக நூறு கையில் எத்தனை தடவை விரும்பி உள்ளே வந்தீர்கள் என்று ஓரத்தில் கோடு போட்டு எண்ணுங்கள். பிளைண்டாகக் கட்டாயத்துக்கு வைத்ததைச் சேர்க்காதீர்கள். 6 முதல் 12க்குள் இருந்தால் பட்டியல்படி ஆடுகிறீர்கள். 30ஐத் தாண்டினால் எந்த இருக்கையில் கூடுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் சின்ன பிளைண்டாகத்தான் இருக்கும். 4க்குக் கீழே போனால் பயந்து ஆடுகிறீர்கள், டீலர் இருக்கைப் பட்டியலை மறுபடி எடுத்துப் படியுங்கள். இப்படிப் பத்து நூறு எண்ணி முடித்து, கடைசி மூன்று நூறும் அந்த அளவுக்குள் நின்றால், ஒன்பது பேர் மேசைக்கோ மூன்று பேர் மேசைக்கோ மாறிப் பார்க்கலாம். ஒன்பது பேர் என்றால் முதல் பட்டியலை இன்னும் மூன்று இருக்கைக்கு நீட்டுங்கள், குறைந்தால் டீலர் பட்டியலிலிருந்தே தொடங்குங்கள்.